கிமியா ரிப்போர்ட் வந்துவிட்டால் கேஸ் முடிந்துவிட்டதா?

பினாங்கு பிறையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை மகனுக்கு 24 வயது. நண்பர்கள் மூன்று பேரோடு வாடகை வீட்டில் இருந்தபோது போலீஸ் ரெய்டு. ஹாலில் சோபாவுக்கு அடியில் ஒரு பை. நால்வரையும் பிடித்து, கடைசியில் இவன் ஒருவன் மீது மட்டும் 39பி, அதாவது அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் விநியோகத்துக்கான பிரிவு. இப்போது கிமியாவின் (அரசாங்க ரசாயனத் துறை) ரிப்போர்ட் வந்துவிட்டது: மெத்தம்பெட்டமின், அதாவது சியாபு, 58 கிராம். "கிமியாவே சொன்ன பிறகு லாயருக்குக் காசு கொட்டி என்ன பிரயோஜனம்? சயன்ஸ் பொய் சொல்லாது என்கிறார் என் வீட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை, அக்கா. ஜார்ஜ் டவுனில் கிரிமினல் கேஸ் பார்க்கிறவன் நான். கிமியா "சியாபு" என்று எழுதிய பொருள் கடைசியில் கற்கண்டாக இருந்த கேஸ் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. பொருளின் பெயரைச் சொல்வதில் அவர்களுடைய கருவிகள் கெட்டிக்காரக் கருவிகள்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் பதில் சொல்வது ஒரு சின்னக் கேள்விக்கு: இந்தப் பாக்கெட்டுக்குள் என்ன, எவ்வளவு? அதையே எல்லாரும் பெரிய கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறோம். இது இந்தப் பையனுடையதா, இருப்பது அவனுக்குத் தெரியுமா, சோபாவுக்கு அடியில் எடுத்த அதே பாக்கெட்தான் கிமியா மேசைக்குப் போனதா? அந்தத் தாளில் இதற்கெல்லாம் ஒரு வரிகூட இருக்காது. தடயவியலை நம்பி நிரபராதிகளை உள்ளே தள்ளிய கேஸ்களைப் படித்துப் பாருங்கள், சின்னக் கேள்வியிலிருந்து பெரிய கேள்விக்கு யாரோ தாவியிருப்பார்கள்.

நான் ஜூனியர்களுக்கு முதலில் சொல்லும் கேஸ் இங்கிலாந்தின் பர்மிங்காம் கேஸ். 1974 நவம்பர் 21 இரவு அந்த ஊரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். அன்றிரவே பெல்ஃபாஸ்ட் கப்பலைப் பிடிக்க ஹேஷம் துறைமுகத்துக்கு ரயிலில் போன ஐந்து ஐரிஷ்காரர்களைப் பிடித்தார்கள். ஆறாவது ஆளைப் பிறகு பர்மிங்காமிலேயே பிடித்தார்கள். தடயவியல் நிபுணர் ஒருவர் ரயிலில் வந்தவர்களின் கைகளைத் துடைத்தெடுத்து கிரீஸ் டெஸ்ட் என்ற ரசாயனச் சோதனை செய்தார். இரண்டு பேர் நைட்ரோகிளிசரினைத் தொட்டிருக்கிறார்கள் என்பதில் தமக்கு 99 விழுக்காடு உறுதி என்று கோர்ட்டில் சொன்னார். 1975-இல் ஆறு பேருக்கும் ஆயுள்.

அந்தச் சோதனை காட்டுவது நைட்ரைட்டை. நைட்ரோகிளிசரினிலிருந்து அது வரலாம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள எதிலிருந்தும் வரலாம்: வார்னிஷ், சிலவகை பெயிண்ட், சீட்டுக்கட்டு. ரயிலில் அவர்கள் வழியெல்லாம் சீட்டாடிக்கொண்டு வந்திருந்தார்கள். "கையில் நைட்ரைட் இருக்கிறதா" என்பதற்கு டெஸ்ட் சொன்ன பதில் சரிதான். "குண்டு வைத்தவன் இவனா" என்பதற்கான பதிலாக அதைக் கோர்ட் எடுத்துக்கொண்டது. 1991 மார்ச்சில் வெளியே வந்தபோது ஆறு பேரும் 16 ஆண்டுகளைத் தொலைத்திருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்ததிலும் தடயவியலுக்குப் பங்கு உண்டு. எழுதும்போது அடித்தாளில் விழும் அழுத்தத் தடத்தைப் படிக்கும் ஒரு சோதனை, போலீஸின் விசாரணைக் குறிப்புகள் அவர்கள் சொன்ன நேரத்தில் எழுதப்பட்டவை இல்லை என்று காட்டிக்கொடுத்தது. அதனால் சயன்ஸ் எதிரி என்று நான் சொல்ல வரவில்லை. அது எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் இதே தாவலை முடியை வைத்துச் செய்தார்கள். மைக்ராஸ்கோப்பில் இரண்டு முடிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து "ஒத்துப்போகிறது" என்பார் நிபுணர். "அவனுடைய முடி" என்று கேட்கும் ஜூரிக்கு. எஃப்.பி.ஐ. தன்னுடைய பழைய கேஸ்களைத் திரும்பப் பார்த்து 2015-இல் ஒப்புக்கொண்டது: பரிசீலித்த கோர்ட் விசாரணைக் குறிப்புகளில் குறைந்தது 90 விழுக்காட்டில், அதன் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்காத அளவுக்குப் பேசியிருக்கிறார்கள். வாஷிங்டனில் 1978-இல் ஒரு டாக்சி டிரைவர் கொலையில் தண்டனை பெற்ற ஒருவரின் கேஸில், பல்லாண்டு கழித்து 13 முடிகளையும் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றுகூட அவருடையதில்லை. ஒன்று நாயுடையது.

டி.என்.ஏ. என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா? ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. ஹைல்பிரான் நகரில் 2007-இல் நடந்த போலீஸ்காரி கொலையும் அதில் ஒன்று. பேய் மாதிரித் திரிகிற அந்தக் கொலைகாரியை ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2009-இல் பார்த்தால், அது மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சிகளைக் கையாண்ட ஒரு தொழிலாளியின் டி.என்.ஏ. குச்சிகளில் கிருமி இல்லாமல் செய்திருந்தார்கள், ஆனால் கிருமி இல்லாத குச்சியிலும் டி.என்.ஏ. இருக்கும். லேப் சரியாகத்தான் படித்தது. குச்சியைத்தான் படித்தது.

கைரேகைக்கு ஒரு கேஸ் போதும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகை, அமெரிக்காவில் ஓரிகனில் இருந்த பிராண்டன் மேஃபீல்டு என்ற வக்கீலுடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அது அல்ஜீரியாக்காரர் ஒருவருடையது என்று அவர்கள் கண்டுபிடிக்கும்வரை மேஃபீல்டு சுமார் இரண்டு வாரம் உள்ளே இருந்தார். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது. இதை வைத்து இடியேல் டிரார் என்ற ஆய்வாளர் ஒரு குசும்பான சோதனை செய்தார். ஐந்து கைரேகை நிபுணர்களிடம், ஆண்டுகளுக்கு முன் அவரவரே "ஒத்துப்போகிறது" என்று சொன்ன ரேகை ஜோடியைக் கொடுத்து, "இதுதான் அந்த மாட்ரிட் தப்பு" என்றார். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை மாறவில்லை. காதில் விழுந்த கதைதான் மாறியது. நம் ஊரிலும் சான்றுப் பொருளோடு "சந்தேக நபர் இன்னார், குற்றம் இன்னது" என்ற தகவலும் நிபுணரின் மேசைக்குப் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி நம் மலேசியச் சட்டத்துக்கு வருகிறேன். இங்கே ஜூரி இல்லை, 1995-லேயே எடுத்துவிட்டார்கள். நீதிபதி ஒருவர்தான். 1950 சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு நிபுணரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. கருத்து என்பதைக் கவனியுங்கள், தீர்ப்பு நீதிபதியுடையது. ஆனால் 1987-இல் முனுசாமி கேஸில் அன்றைய உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் போதைப்பொருள் கேஸ்களில் ஓடுகிறது: பொருள் இன்னதுதான் என்று அடையாளம் சொல்லும் அளவில், கிமியா நிபுணரின் கருத்தை அப்படியே ஏற்கலாம். நம்பவே முடியாததாக இருந்தாலோ, எதிர்த்தரப்பு இன்னொரு நிபுணரைக் கொண்டுவந்து மறுத்தாலோதான் விஷயம் வேறு. சட்டமாகப் படிக்கும்போது நியாயமாகவே இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்து ஃபிளாட்டில் குடியிருக்கும் குடும்பம் எந்த நிபுணரைக் கொண்டுவரும்? கேள்வி கேட்க ஆள் இல்லாததால் ரிப்போர்ட் ஜெயிக்கிறது. எனக்கு இதுதான் பெரிய குறை.

ஆனாலும் உங்கள் பையன் கேஸில் கேட்க நிறைய இருக்கிறது.

முதலில் அந்த 58. மெத்தம்பெட்டமினுக்குக் கோடு 50 கிராம். 50-ஐத் தொட்டால் விநியோகம் செய்கிறவன் என்று அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அனுமானிக்கிறது, 39பி வருகிறது. 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயம் இல்லை என்றாலும் நீதிபதி கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் ஆயுளும், 12 அடிக்குக் குறையாத பிரம்படியும். 50-க்குக் கீழே போனால் அந்த அனுமானம் எழாது. விநியோகத்தை வேறு வழியில் நிரூபிக்க முடியாவிட்டால் கேஸ் தூக்கு இல்லாத பிரிவுக்கு இறங்கும். ஆக எட்டு கிராமில் ஒரு உயிர் தொங்குகிறது. போலீஸ் பாலாயில், அதாவது நிலையத்தில், எடை போட்டது பிளாஸ்டிக்கோடு சேர்த்து. கிமியா நிறுப்பது பொருளை மட்டும். அதிலும் கலப்படம் போக சுத்தமான மெத்தம்பெட்டமின் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்காகப் பாக்கெட்டைப் பொடித்துக் கலந்தார்களா, எத்தனை பாக்கெட்டிலிருந்து மாதிரி எடுத்தார்கள், எல்லாவற்றிலும் சுத்தம் ஒரே அளவா, தராசு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் எடைக்கு இந்தக் கேள்விகள் வெறும் சண்டித்தனம் ஆகாது. ஐந்நூறு கிராம் பிடித்திருந்தால் நானே கேட்க மாட்டேன்.

அடுத்தது பாக்கெட் நடந்த பாதை. சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்தவர் யார், அங்கேயே குறியிட்டாரா, கைப்பற்றிய பொருள் பட்டியலில் என்ன எழுதினார், விசாரணை அதிகாரியான ஐ.ஓ.விடம் எப்போது ஒப்படைத்தார், ஸ்டோரில் எத்தனை நாள், கிமியாவுக்கு போல் 31 என்ற போலீஸ் பாரத்தோடு யார் கொண்டுபோனார், சீல் உடையாமல் போனதா. நான் பார்த்த ஒரு கேஸில் பட்டியலில் "ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாக்கெட் 4" என்று இருந்தது. கிமியா ரிப்போர்ட்டில் 5. ஐ.ஓ.விடம் கேட்டால், நிறுக்கும்போது ஒன்று கிழிந்துவிட்டது, பாதியை இன்னொரு பாக்கெட்டில் போட்டேன் என்றார். டைரியில் எழுதினீர்களா என்றேன். இல்லை. கிழிந்த பிளாஸ்டிக் எங்கே? எறிந்துவிட்டேன். புதுப் பாக்கெட்டில் குறியிட்டது யார்? பதில் வரவில்லை. பையன் வெளியே வந்தான். கிமியா ரிப்போர்ட்டில் எந்தத் தப்பும் இல்லை, அவர்கள் கையில் வந்த ஐந்தையும் ஒழுங்காகச் சோதித்து எழுதியிருந்தார்கள்.

சான்றைப் பாதுகாப்பது நீதிபதிகளையே பிரித்துவிடும். அன்வார் இப்ராஹிமின் இரண்டாவது ஓரினப்புணர்ச்சி கேஸை எல்லாரும் அறிவோம். டி.என்.ஏ. மாதிரிகளை ஐ.ஓ. குளிர்பெட்டியில் வைக்காமல் ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்தார், சீல் வைத்த பையையும் வெட்டித் திறந்திருந்தார். ஜாலான் டூத்தா உயர் நீதிமன்றம் 2012 ஜனவரியில், மாதிரிகளை முழுசாக நம்ப முடியாது என்று விடுதலை செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அதைத் திருப்பிப் போட்டது, கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் தண்டனையை உறுதி செய்தது. 2018-இல் மாமன்னரின் மன்னிப்பு. யார் பக்கம் நியாயம் என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. அதே மாதிரி, அதே அலமாரி, ஆனால் கோர்ட்டுக்குக் கோர்ட் வேறு முடிவு. கேள்வி எழுப்ப ஆளும் வசதியும் இருந்த கேஸிலேயே இந்தப் பாடு.

மூன்றாவது, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்: பை யாருடையது? வீட்டில் நான்கு பேர். 2003 டிசம்பரில் கே.எல். ஸ்ரீ ஹர்த்தாமாஸ் கொண்டோ ஒன்றில் ஒரு இளம்பெண் கொலையானார். குற்றம் சாட்டப்பட்டவரின் டி.என்.ஏ. அந்தப் பெண்ணின் உடலில் இருந்தது. அவரோடு நெருக்கமாக இருந்தார் என்பதை அது காட்டும், கொன்றார் என்பதை அது எப்படிக் காட்டும்? அடையாளம் தெரியாத இன்னொரு ஆணின் டி.என்.ஏ.வும் அங்கே கிடைத்திருந்தது. 2004-இல் உயர் நீதிமன்றம் எதிர்வாதத்துக்கே அழைக்காமல் விடுதலை செய்தது, மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. உங்கள் பையன் கேஸிலும் பாக்கெட்டில் கைரேகையோ டி.என்.ஏ.வோ எடுத்தார்களா என்று லாயர் கேட்க வேண்டும். எடுக்கவே இல்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வேண்டும். எடுத்து வேறொருவருடையது வந்திருந்தால் கதையே மாறும். இன்னொன்று: 2014-இல் சேர்த்த 37ஏ என்ற பிரிவு, கையில் இருந்தது என்ற அனுமானத்தின் மேல் விநியோகம் என்ற அனுமானத்தையும் அடுக்க விட்டது. 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளிவிட்டது. ஆகவே அந்த 58 கிராமை வைத்து விநியோகத்தை அனுமானிக்க வேண்டும் என்றால், பை அவன் வசம் இருந்தது, உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு சாட்சியம் வைத்தே நிரூபிக்க வேண்டும். கிமியா அதிகாரி இதில் அவர்களுக்கு உதவ முடியாது.

பையனுக்கு யூரின் டெஸ்டும் எடுத்தார்கள், அதிலும் பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு பாசிட்டிவ் என்று பாருங்கள். பாலாயில் எடுக்கும் பட்டைச் சோதனை முதல்கட்டம்தான், உறுதி செய்வது லேப். மார்ஃபினுக்கு என்றால், அவன் கோடீன் உள்ள இருமல் மருந்து குடித்தானா என்று கேளுங்கள், உடலுக்குள் கோடீன் மார்ஃபினாக மாறும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடும் கசகசாகூட யூரினில் மார்ஃபினைக் காட்டும். அமெரிக்காவில் வேலையிடச் சோதனையின் வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தியதற்குக் கசகசாவும் ஒரு காரணம். சியாபுக்குப் பாசிட்டிவ் என்றால் கசகசாவை இழுக்காதீர்கள், நீதிபதி சிரிப்பார். அப்போதும் அது அவன் எடுத்தான் என்பதைத்தான் சொல்லும், விற்றான் என்பதை இல்லை.

இரண்டாவது நிபுணர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆட்களுக்கு உதாரணம் சொல்லத் தேவையில்லை. குகன் என்ற இளைஞர் 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா யு.எஸ்.ஜே. தைப்பான் பாலாயில் காவலில் செத்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்தது என்றது. சாகிற பலருக்கும் நுரையீரலில் நீர் கோக்கும், ஏன் கோத்தது என்பதுதானே கேள்வி? உடலில் இருந்த காயங்களைக் கண்ணால் பார்த்த குடும்பம் விடவில்லை. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடியில் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது என்றது. முதல் மருத்துவர் மீது மருத்துவ மன்றம் நடவடிக்கை எடுத்தது, 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு விதித்தது. அந்தத் தாயார் முதல் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

நிபுணருக்கு எங்கே போவது? யு.எஸ்.எம்., யு.கே.எம். பல்கலைக்கழகங்களில் தடயவியல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற ரசாயன நிபுணர்களும் இருக்கிறார்கள். கோர்ட்டுக்கு வர எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டைப் படித்து, குறுக்கு விசாரணையில் எதைக் கேட்கலாம் என்று லாயருக்குச் சொல்லித்தர ஒருவர் கிடைத்தாலே போதும்.

தண்டனைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பர்மிங்காம் கேஸின் வெட்கத்தில் இங்கிலாந்து ஒரு தனி ஆணையம் அமைத்தது. 1997-இலிருந்து அது பழைய தண்டனைகளைத் தானே விசாரித்து, சந்தேகம் இருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. கூட்டரசு நீதிமன்றத்தின் 137-ஆவது விதியில் மறுஆய்வு கேட்கலாம், அந்தக் கதவு மிகக் குறுகலானது. அதற்கு அப்பால் மன்னிப்பு வாரியம்தான். நம் நாட்டில் கேட்க வேண்டியதை விசாரணையிலேயே கேட்டாக வேண்டும்.

அவன் குற்றமற்றவனா என்று எனக்குத் தெரியாது, அக்கா, உங்களுக்கும் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வி அது இல்லை. லாயர் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். வசதி இல்லாவிட்டால் கோர்ட்டிலேயே சொல்லுங்கள், தூக்கு வரக்கூடிய கேஸுக்கு லாயரை நியமிப்பார்கள். அவரைப் பார்க்கும்போது பைல் முழுவதையும் எடுத்துப் போங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஏ-இன்படி, விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்பு தாங்கள் தாக்கல் செய்யப்போகும் ஆவணங்களையும், எதிர்த்தரப்புக்குச் சாதகமான விவரங்கள் பற்றிய எழுத்து அறிக்கையையும் கொடுக்க வேண்டும். வந்ததா என்று கேளுங்கள். 399-ஆம் பிரிவின்படி கிமியா ரிப்போர்ட் விசாரணைக்கு முழுசாகப் பத்து நாள் முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும். ரிப்போர்ட் எழுதியவர் கூண்டுக்கு வர வேண்டும் என்றால், முழுசாக மூன்று நாளாவது முன்னால் டி.பி.பி.க்கு, அதாவது அரசு வழக்கறிஞருக்கு, நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது தவறினால் அந்தத் தாள் ஆளே வராமல் சாட்சியாகிவிடலாம். நோட்டீஸ் போய்விட்டதா என்பதை அடுத்த மென்ஷனுக்கு (கேஸ் மறுபடி கோர்ட்டில் எடுக்கப்படும் நாளுக்கு) முன்பே லாயரிடம் நேரில் கேட்டு, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.